பெரியம்மாவின் முறை

எங்கள் கொட்டகையில் நாற்பது விசைத்தறிகள். நாற்பதும் சேர்ந்து ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தால்கூட வெளியே போய்ப் பார்த்தால்தான் தெரியும். அங்கே வாயை மட்டும் நம்பிப் பேச முடியாது. பேச வேண்டியவர் போய் மற்றவரின் முன்கையைப் பிடிப்பார். பிடித்துக்கொண்டு காதோடு வாய் வைத்துச் சொல்வார். பிடி இருக்கிற வரை கேட்பவர் வாயைத் திறக்கக் கூடாது, இடத்தை விட்டு நகரவும் கூடாது. சொல்லி முடித்ததும் கையை விடுவார். விட்டால், இனி உன் முறை என்று அர்த்தம். யார் எப்போது உண்டாக்கிய வழக்கம் என்று தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நடுவில் பேசித் தலையில் குட்டு வாங்கித்தான் கற்றுக்கொண்டேன்.

இதனால் சில நன்மைகளும் உண்டு. புருஷன் பெண்டாட்டி சண்டைகூட முறை வைத்துத்தான் நடக்கும். கோபத்தில் கையை விட மறுத்து அரை மணி நேரம் திட்டியவர்கள் இருக்கிறார்கள். உதறிக்கொண்டு போனால் அது பெரிய மரியாதைக் குறைவு. எனவே கையைக் கொடுத்துவிட்டு மரம் மாதிரி நிற்க வேண்டியதுதான்.

என் வேலை துணி பார்ப்பது. அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேஜைமேல் துணியை இழுத்து, இழை விட்ட இடம், எண்ணெய்க் கறை, நிறம் மாறிய பட்டை எல்லாவற்றுக்கும் சாக்பீஸால் கோடு போடுவேன். குறை சொல்வதே பிழைப்பு என்பதால் என்னை யாருக்கும் பெரிதாகப் பிடிக்காது. ‘கண்ணாடி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்கிற வீடு ஒன்றே ஒன்றுதான், பக்கத்து ஃபிட்டர் வீடு.

ஃபிட்டர் தறிகளைப் பழுது பார்ப்பவர். ஒரு நாளைக்கு மூன்று வார்த்தை பேசுவார். அதில் ஒன்று ‘ஸ்பேனர்’. அவருக்கும் சேர்த்து அவர் மனைவி பேசுவாள். கொட்டகையில் ஆறு தறிகளை ஓட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் கட்டிப்போட்டிருந்த வாயை வீட்டுக்கு வந்து அவிழ்த்துவிடுவாள். கேள்வியும் அவளே கேட்பாள், பதிலும் அவளே சொல்வாள், அந்தப் பதில் சரியில்லை என்று அவளே கோபித்துக்கொள்வாள்.

“அண்ணே, சாப்ட்டீங்களா, எங்க சாப்ட்டிருப்பீங்க, ஒண்டிக்கட்டைக்கு யாரு ஆக்கி வச்சிருக்கா, வந்து உக்காருங்க, ஆறிடும், என்ன இன்னும் நிக்கறீங்க” என்பாள். எல்லாம் ஒரே மூச்சில். நடுவில் எறும்பு நுழைய இடமிருக்காது.

அவர்களுக்கு ஒரே பெண். கறுப்பாக, உருண்டையாக, சுறுசுறுப்பாகப் பிறந்ததால் ‘மிளகு’ என்று நான்தான் கூப்பிட ஆரம்பித்தேன். அதுவே ஒட்டிக்கொண்டது. அவளுக்கு நாலு வயது நடந்துகொண்டிருந்தபோது நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

மிளகு கொட்டகையிலேயே வளர்ந்தவள். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குச்சிகளில் நூல் சுற்றுவதைத் தார் சுற்றுவது என்போம். அந்த வேலைக்கு மூலையில் ஒரு வயதான அம்மாள் இருந்தார். ஃபிட்டர் மனைவி அவரை அக்கா என்று முறை வைத்துக் கூப்பிட்டதால் மிளகுக்கு அவர் பெரியம்மா. நூல் வந்த அட்டைப்பெட்டியில் பழைய துணி விரித்து, பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு அவர் தார் சுற்றுவார். நடுநடுவே இரண்டு விரலால் அந்த முன்கையைப் பிடித்து ஏதோ சொல்வார், விடுவார். விட்டதும் பெட்டிக்குள்ளிருந்து வாய் அசையும். சத்தம் யாருக்கும் கேட்காது. வாய் நின்றதும் பெரியம்மா மறுபடி பிடிப்பார். அந்தப் பிள்ளைக்கு அப்போது நாலு மாதம். ஒரு வயதில் தானே கையை நீட்டிக் கொடுத்தாள். இரண்டு வயதில் பெரியம்மா கையைத் தான் பிடித்துப் பேசத் தொடங்கினாள். மூன்றில், பிடித்த கையை விடாமல் ‘அப்புறம், அப்புறம்’ என்று இழுத்துக்கொண்டே போவாள். பெரியம்மா வேலை கெட்டுச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தச் சிரிப்பை நான் என் மேஜையிலிருந்து பார்த்திருக்கிறேன்.

அந்தப் பெரியம்மா ஒரு கோடை மதியம் தார் சுற்றிக்கொண்டிருந்தபடியே போய்ச் சேர்ந்தார். முக்காலியில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தபடி இருந்தவரை முதலில் பார்த்தவன் நான். பிள்ளை மூட்டைகளுக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தாள் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

அதற்குப் பிறகு மிளகின் பேச்சு குறைந்தது. பிள்ளை ஏங்கிப் போயிருக்கிறது, சரியாகிவிடும் என்றார்கள். ஒரு வருடம் ஓடியது. தெருமுனைப் பாலர் பள்ளியில் சேர்த்தார்கள். மூன்றாவது மாதம் டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். ஃபிட்டருக்கு லீவு கிடைக்கவில்லை. அவர் மனைவிக்குத் துணையாக நான் போனேன்.

“கேள்வி கேட்டா பேசாம நிக்கறாம்மா” என்றார் டீச்சர். “சரின்னு அடுத்த பிள்ளைகிட்ட போய், அடுத்த பாட்டுக்குப் போய், அதுவும் முடிஞ்சப்புறம் மொத கேள்விக்குப் பதில் சொல்றா. மத்த பிள்ளைங்க மொதல்ல சிரிச்சாங்க. இப்பல்லாம் பயப்படறாங்க.”

“எதுக்குப் பயப்படணும், எம்பொண்ணு என்ன கடிக்கிறாளா, கடிக்க மாட்டாளே, பூச்சியப் பாத்தாகூட ஒதுங்கிப் போறவ…”

“கடிக்கல. பெஞ்சுல தனக்கு எடது பக்கம் ஒரு ஆளுக்கு எடம் விட்டு உக்கார்றா. அங்க யாரையும் உக்கார விடமாட்டேங்கறா.”

ஃபிட்டர் மனைவி திரும்பி அந்தப் பெஞ்சைப் பார்த்தாள்.

டீச்சர் ஒரு படிவத்தை நீட்டினார். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று வெளியூரில் ஒரு பள்ளி இருக்கிறதாம். விடுதியும் அங்கேயே. ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டும். வருடத்துக்கு இரண்டு முறை வீட்டுக்கு அனுப்புவார்கள். “திங்கக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடுங்க. எடம் போயிடும். அதுக்கு முன்னாடி வேணும்னா ஆஸ்பத்திரில ஒருக்கா காட்டிடுங்க.”

ஆஸ்பத்திரியில் பேச்சு வராத பிள்ளைகளைப் பார்ப்பதற்கென்று ஒரு நர்ஸ் இருந்தார். நல்ல பொறுமைசாலி. ஃபிட்டர் மனைவி மூச்சு விடாமல் சொன்னதை முழுதும் கேட்டுவிட்டு, மெல்ல ஆரம்பித்தார்.

“மூணு மாசக் குழந்தைகிட்ட ‘என்ன செல்லம்’னு கேட்டுட்டு நிறுத்திப் பாருங்க. அது ‘ங்கா’ங்கும். அப்புறம் அதுவும் நிறுத்திட்டு உங்க மூஞ்சியப் பாக்கும். பேச்சு வர்றதுக்கு முன்னாடியே முறை வந்துடும். வார்த்த வர ஆரம்பிச்சதும் பதில் கொஞ்சம் மெதுவாகும். வார்த்தையத் தேடணும்ல. அப்புறம் தேடற நேரம் கொறஞ்சுக்கிட்டே வரும். பெரிய கிளாஸ் போற வயசுல நாம கேட்டு முடிக்கறதுக்குள்ள பதில் வந்து விழும். வயசு ஏற ஏற அந்த எடைவெளி கொறையணும்.”

“இவளுக்கு?”

“பாப்போம்.” நர்ஸ் செல்போனில் நேரம் பார்க்கிற பொத்தானைத் தட்டிவிட்டு, மிளகைப் பார்த்துக் குனிந்தார். “உன் செருப்பு என்ன கலரு?”

மிளகு செருப்பைப் பார்க்கவில்லை. தலையை இடது பக்கம் திருப்பிச் சற்று மேலே பார்த்தாள், முக்காலியில் இருப்பவர் முகத்தைப் பார்க்கிற உயரத்துக்கு. இடது கை மடியிலிருந்து எழுந்து, தானாக அந்தரத்தில் நின்றது. அங்கே சுவரும் ஒரு தண்ணீர்க் குடமும்தான் இருந்தன. அவள் ஒரு தடவை தலையாட்டினாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை. யாரோ சொல்வதற்கு ‘ம்’ கொட்டுகிற மாதிரி இருந்தது. மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கை இறங்காமலேயே, அவசர அவசரமாக, திருட்டுத்தனம் செய்கிறவள் போல, “செவப்பு” என்றாள்.

“நாப்பத்தியொரு செகண்ட்” என்றார் நர்ஸ். அவர் குரல் தணிந்திருந்தது. “வார்த்தையத் தேடற குழந்த மேல பாக்கும், கீழ பாக்கும், வெரல வாயில வைக்கும். இவ தேடல. யாரோ பேசி முடிக்கட்டும்னு காத்துக்கிட்டிருக்கா.” சொல்லிவிட்டுத் தன் நாற்காலியைக் குடத்துப் பக்கத்திலிருந்து கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். “எதையாவது பாத்துப் பயந்தாளா?”

“இல்லையே, எங்க பயந்தா, எங்கக்கா செத்தப்பகூட இவ தூங்கிட்டுதான இருந்தா, அண்ணன்தான் பாத்தாரு. இல்லண்ணே?”

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அன்று சாயங்காலம் காற்றே இல்லை. தெருவெல்லாம் பஞ்சுத் தூசி அப்படியே நின்றது. ஃபிட்டர் வீட்டில் படிவம் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. அவள் அதைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தாள். அனுப்ப மாட்டேன், அங்க யாரு தலை வாரி விடுவாங்க, யாரும் வாரி விட மாட்டாங்க, கையெழுத்துப் போடறவன் கைய ஒடிப்பேன் என்று போய்க்கொண்டிருந்தது. ஃபிட்டர் பொறுத்துப் பார்த்தார். பிறகு கொட்டகையில் செய்வதுபோல அவள் முன்கையைப் பிடித்தார். அவள் சட்டென்று நிறுத்தினாள்.

“இங்க இருந்தா நாம பேசறோம். அவ பேசல. அங்க போயாச்சும் பேசட்டும்” என்றார். மூன்று நாள் பேச்சை ஒரே தடவையில் செலவழித்துவிட்டு, கையை விட்டார்.

அவள் அவர் கையைப் பிடித்தாள். பிடித்துக்கொண்டு ஒன்றுமே சொல்லாமல் அழுதாள். அவர் நகரவில்லை. எனக்கு அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை.

மிளகு வெளியே வாசல்படியில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். நான் வலது பக்கமாகப் போய் உட்கார்ந்தேன். இடது பக்கம் காலியாக இருந்தது. அங்கே படியில் ஒரு துண்டு ரொட்டி தனியாக வைத்திருந்தாள். எறும்பு வரிசை ஒன்று அதற்கு அரை அடி முன்னால் வளைந்து சுற்றிப் போனது.

“மிளகு, கேட்டா ஒடனே ஏன் பதில் சொல்ல மாட்டேங்கற?”

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். துணி பார்க்கிறவனுக்குப் பொறுமை உண்டு. அவள் தலை திரும்பியது, கை எழுந்தது. நான் மனதுக்குள் எண்ணினேன். எழுபத்தெட்டு வந்தபோது சொன்னாள்.

“பெரியம்மா பேசிட்டிருக்காங்க மாமா.”

“என்ன பேசறாங்க?”

இந்தத் தடவை இருநூறு வரை எண்ணினேன். பதில் வரவில்லை. எழுந்து நின்ற அந்தக் கையை அப்போதுதான் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வெயிலில் கறுத்த மணிக்கட்டைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை மட்டும் வெளுத்திருந்தது. ரொம்ப நாள் போட்டிருந்த வளையலைக் கழற்றினால் அப்படி இருக்கும். மிளகு வளையல் போட்டதே இல்லை. உள்ளே போய், ஒரு வருடமாக மென்று விழுங்கிக்கொண்டிருந்ததைச் சொன்னேன்.

“பிள்ள தூங்கல. நான் பொய் சொன்னேன்.”

அன்று மதியம் துணியில் அரை கஜத்துக்கு நிறம் மாறியிருந்தது. தார் மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று சண்டை போடத்தான் பெரியம்மாவிடம் போனேன். அவர் சுவரில் சாய்ந்திருந்தார். வாய் பாதி திறந்திருந்தது. மோட்டார் நிற்காமல் ஓடியதில் தார் நிரம்பி வழிந்து நூல் கீழே குவிந்திருந்தது. அவர் வலது கை மிளகின் இடது மணிக்கட்டைப் பிடித்திருந்தது. மிளகு அவர் முன்னால் அசையாமல் நின்று, அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமோ தெரியாது. டீ கொண்டுபோனபோது பெரியம்மா டம்ளரை வாங்கவில்லை, பேச்சில் இருக்கிறாரே என்று வைத்துவிட்டு வந்தேன் என்று டீக்காரர் பிறகு சொன்னார். டீ வந்து போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. நான் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். விறைத்திருந்தன. பிரிக்கப் பிரிக்க மிளகு என்னைப் பார்த்து வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். செத்தவர் கையில் பிள்ளை இருந்தது என்று தெரிந்தால் ஊர் வாய் சும்மா இருக்காது, பெற்றவளும் தாங்க மாட்டாள் என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் மூட்டைகளுக்குப் பின்னால் விட்டேன். இவ்வளவையும் சொன்னேன்.

ஃபிட்டர் மனைவி என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“கைய அவங்களா விடல” என்றாள்.

“இல்ல.”

“நீங்க பிரிச்சீங்க.”

“ஆமா.”

“அப்ப அது விட்டதா ஆகாதே அண்ணே. பிள்ளைக்கு நாம அப்படியா சொல்லிக் குடுத்திருக்கோம்.”

மறுநாள் ஞாயிறு, கொட்டகைக்கு விடுமுறை. ஃபிட்டரிடம் சாவி இருந்தது. நாலு பேரும் காலை பத்து மணிக்குப் போனோம். ஓடாத தறிகள் நடுவே நடப்பது எனக்கு எப்போதுமே பிடிக்காது. காதுக்குள் ஒரு இரைச்சல் மட்டும் மிச்சமிருக்கும். கூரைக் கண்ணாடி வழியாக வெயில் இறங்கி, தூசி அதில் மிதந்தது. பெரியம்மாவின் முக்காலி மூலையிலேயே கிடந்தது. புதிதாக வந்தவள் அதில் உட்கார மறுத்து, வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்திருந்தாள். ஏன் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

யாரும் சொல்லாமலே மிளகு போய் அதே இடத்தில் நின்று இடது கையை நீட்டினாள்.

நாங்கள் யோசித்து வைத்திருந்தது ரொம்பச் சின்ன விஷயம்தான். அம்மா முக்காலியில் உட்கார்ந்து, பெரியம்மாவுக்குப் பதிலாகக் கையைப் பிடித்து, முறைப்படி விட வேண்டும். அவ்வளவுதான். அவள் உட்காரப் போனாள். முக்காலிக்கு அருகில் தயங்கினாள். பிறகு நின்றபடியே குனிந்து பிள்ளையின் மணிக்கட்டைப் பிடிக்கக் கையைக் கொண்டுபோனாள். கை அங்கே போய் நின்றுவிட்டது.

“என்ன?” என்றார் ஃபிட்டர்.

“பிடிக்க எடமில்லீங்க” என்றாள். “ஏற்கெனவே பிடிச்சிருக்காங்க.”

நான் ஓடிவிடலாம் என்று நினைத்தேன். உள்ளதைச் சொல்வதில் வெட்கமில்லை. கால்தான் வரவில்லை. ஆனால் அவள் ஓடவில்லை. தரையில் மிளகுக்கு எதிரே மண்டியிட்டாள். கேள்வி கேட்கவில்லை, பதில் சொல்லவில்லை. பிள்ளையின் முகத்தைப் பார்த்தபடி சும்மா இருந்தாள். அவள் இவ்வளவு நேரம் சும்மா இருப்பாள் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். கூரைத் தகரம் வெயிலில் சூடேறி டப் டப்பென்று சத்தம் போட்டது. மிளகு அந்தக் காலி முக்காலியைப் பார்த்துத் தலையாட்டினாள். காது கொடுத்துக் கேட்டாள். மறுபடி தலையாட்டினாள். நான் எண்ணுவதைப் பாதியில் விட்டுவிட்டேன். வெயில் முக்காலியின் ஒரு காலிலிருந்து அடுத்த காலுக்கு நகர்ந்திருந்தது.

திடீரென்று மிளகின் கை தொப்பென்று கீழே விழுந்தது, இவ்வளவு நேரமும் யாரோ தாங்கிப் பிடித்திருந்த மாதிரி. அவள் மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். பிறகு அம்மாவின் முன்கையைப் பிடித்தாள்.

“பெரியம்மா நெஞ்சு வலிக்குதுன்னாங்க” என்றாள். தடங்கல் இல்லாத, தெளிவான பேச்சு. “ஓடிப்போய் அம்மாவக் கூட்டிட்டு வான்னாங்க. திரும்பத் திரும்பச் சொன்னாங்க. நான் உங்கிட்ட வரலாம்னுதான் இருந்தேன். அவங்க கைய விடவே இல்லம்மா.”

அம்மாவின் ஆறு தறிகளில் முதல் தறி அங்கிருந்து பத்தடி தூரம். அவள் அந்தத் தறியைத் திரும்பிப் பார்த்தாள். அன்றைக்கு அவள் அங்கேதான் நின்று அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தாள். நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஃபிட்டர் சுவரில் கை ஊன்றிக்கொண்டார். நான் சொன்ன ஒரு பொய்க்கு அந்தப் பிள்ளை ஒரு வருடம் நின்றிருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது.

மிளகு அம்மாவின் கையை விட்டாள். முக்காலியை நெருங்கி, உட்கார்ந்திருப்பவர் முன்கை இருக்கிற உயரத்தில் காற்றை இறுகப் பிடித்துக்கொண்டாள். எக்கி, காதோடு சொல்கிற மாதிரி சொன்னாள்.

“பெரியம்மா, அம்மா வந்துட்டாங்க.”

சொல்லிவிட்டுக் கையை விட்டாள். முறைப்படி இனி பெரியம்மாதான் பேச வேண்டும். நாங்கள் நாலு பேரும் வாயைத் திறக்காமல் நின்றோம்.